ஆலயம் இடிந்தாலும் உரிமை இடிவதில்லை



இராசபாளையத்துக்குத் தெற்கே, சேத்தூருக்கு அருகில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேவதானம் என்ற ஊர் இருக்கிறது. திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது நாள்தோறும் பேருந்துப் பலகையில் பார்க்கும் பெயர். அந்தப் பெயரின் பொருளை நாம் எத்தனை முறை நின்று யோசித்திருப்போம்?

பழைய கல்வெட்டுகளில் தேவதானம் என்றால் இறைவனுக்குக் கொடுக்கப்பட்ட நிலம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்குக் கொடுத்த நிலத்தைப் பள்ளிச்சந்தம் என்றார்கள். கொடை எதுவானாலும் சந்திரரும் சூரியரும் உள்ளவரை அது நிற்க வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள். கொடுத்த அரசன் இறந்துபோவான், அவன் வம்சமும் ஆட்சியும் மாறிப்போகும். ஆனால் இறைவனுக்கு என்று ஒருமுறை கொடுத்தது இறைவனுடையதே என்பது அதன் கருத்து.

இந்தப் பழைய எண்ணத்துக்கும், இன்று உலகமெங்கும் நடந்துவரும் ஒரு பெரிய வழக்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. போரில் பறிக்கப்பட்டும் சிதறிக்கிடந்தும் வந்த யூத மக்களின் திருச்சுருள்கள், நூல்கள், வழிபாட்டுப் பொருட்கள் இன்று யாருக்குச் சொந்தம் என்பதே அந்த வழக்கு. இது எங்கோ ஐரோப்பாவில் நடக்கும் காரியம், நமக்கு என்ன என்று நாம் கேட்கலாம். நம் தமிழ் மண்ணிலிருந்தே தொடங்கிப் பார்த்தால் அது நமக்கும் விளங்கும்.

பத்தூர் நமக்குச் சொல்வது

1976ஆம் ஆண்டு, அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த பத்தூரில், இடிந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயில் அருகே மண்ணைத் தோண்டிய ஒரு தொழிலாளிக்கு வெண்கல நடராசர் திருவுருவம் ஒன்று கிடைத்தது. அது கை மாறி, கடல் தாண்டி, இலண்டன் போய்ச் சேர்ந்தது. 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதை இரண்டரை இலட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பழுது பார்ப்பதற்காக அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோது இலண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது.

வழக்கு நடந்தது. வாங்கியவர்கள், "நாங்கள் விலை கொடுத்து வாங்கினோம்" என்றார்கள். எதிர்த்தரப்பில் இந்திய அரசும் தமிழக அரசும் இருந்தன. அவற்றோடு அந்த இடிந்த கோயிலும், அங்கே எஞ்சியிருந்த சிவலிங்கமும் வழக்காளிகளாக நின்றன. நம் நாட்டுச் சட்டப்படி கோயிலில் நிறுவப்பட்ட தெய்வத்துக்குச் சொத்து வைத்திருக்கவும் வழக்குத் தொடுக்கவும் உரிமை உண்டு. 1925இலேயே இலண்டன் பிரிவி கவுன்சில் இதை ஏற்றுக்கொண்டிருந்தது. சிறு குழந்தைக்காகப் பாதுகாவலர் ஒருவர் நீதிமன்றம் வருவதைப்போல, தெய்வத்துக்காகவும் ஒருவர் வரலாம்.

திருவுருவத்தில் ஒட்டியிருந்த மண்ணையும், கரையான் அரித்த அடையாளங்களையும், பத்தூரில் கிடைத்த மற்ற வெண்கலச் சிலைகளில் இருந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1988இல் தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாக வந்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு நடராசர் தமிழகம் திரும்பினார்.

இந்தத் தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கோயில் பல காலமாக இடிந்து கிடந்தது. அன்றாட வழிபாடு அங்கே நின்றுபோயிருந்தது. அப்படியிருந்தும் அதன் உரிமை செத்துப்போகவில்லை என்று அயல்நாட்டு நீதிமன்றம் ஒன்று ஏற்றுக்கொண்டது. ஆலயம் இடிந்தாலும் உரிமை இடிவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யூத மக்களின் வழக்குக்கு வருவோம்.

எஸ்ரா நூலில் ஒரு கணக்குப் பட்டியல்

உண்மையில் இந்த வழக்கு மிகப் பழையது. நம் விவிலியத்திலேயே இருக்கிறது. பாபிலோன் அரசன் நெபுகத்னேசர் எருசலேம் ஆலயத்தை அழித்தபோது, அங்கிருந்த பொன், வெள்ளிக் கலங்களை அள்ளிச் சென்று தன் தெய்வத்தின் கோயிலில் வைத்தான். பின்னர் பெல்சாட்சர் தன் விருந்தில் அந்தக் கலங்களில் திராட்சை இரசம் குடித்ததைத் தானியேல் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அன்றிரவே அவன் கொல்லப்பட்டான்.

அதன்பின் பாரசீக மன்னர் சைரசு வந்தார். யூத மக்கள் ஊர் திரும்ப அவர் அனுமதி கொடுத்தார். கலங்களையும் திருப்பிக் கொடுத்தார். எஸ்ரா நூலின் முதல் அதிகாரம் இதை ஒரு கணக்குப்பிள்ளையின் கவனத்தோடு எழுதி வைத்திருக்கிறது. கருவூலப் பொறுப்பாளர் மித்ரதாத்து ஒவ்வொன்றாக எண்ணி, யூதாவின் தலைவர் செஸ்பட்சரிடம் ஒப்படைத்தார். மொத்தம் 5,400 கலங்கள்.

வாசகம் கேட்கும்போது இந்தப் பட்டியல் நமக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் பொருளை இழந்தவனுக்கு அதுவே நற்செய்தி. எங்கிருந்து எடுத்தது, எத்தனை எடுத்தது, யாரிடம் திரும்பக் கொடுத்தது என்ற மூன்று கேள்விக்கும் அங்கே விடை இருக்கிறது. இன்றைய நீதிமன்றங்களும் அருங்காட்சியகங்களும் கேட்பது இந்த மூன்று கேள்விகளைத்தான்.

முதலில் நூல்கள், பிறகு மனிதர்கள்

இரண்டாம் உலகப் போரில் நாத்சிகள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அதோடு அவர்களுடைய நூலகங்களையும் தொழுகைக்கூடங்களையும் திட்டமிட்டுச் சூறையாடினார்கள். ஆல்பிரட் ரோசன்பர்க் என்பவரின் தலைமையில் இதற்கென்றே ஓர் அமைப்பு இயங்கியது. பலவற்றை எரித்தார்கள். எஞ்சியவற்றை, அழிக்கப்பட வேண்டிய ஓர் இனத்தைப் பற்றிய 'ஆய்வுப் பொருள்' என்று சொல்லி ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள்.

உரோமை நகரில் நடந்தது நம் நெஞ்சைத் தொட வேண்டிய நிகழ்ச்சி. 1943 அக்டோபர் நடுவில், உரோமை யூதச் சமூகத்தின் நூலகத்தையும் அவர்களுடைய குருத்துவக் கல்லூரியின் நூலகத்தையும் நாத்சிகள் இரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள். அடுத்த சில நாட்களுக்குள், அக்டோபர் 16ஆம் நாள் அதிகாலையில், மனிதர்களைப் பிடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே திரும்பி வந்தார்கள். கல்லூரி நூல்களில் பெரும்பகுதி போருக்குப் பின் கிடைத்தது. சமூக நூலகத்தின் நூல்களோ, மிகச் சில தவிர, இன்றுவரை கிடைக்கவில்லை.

போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் ஜெர்மனியின் கிடங்குகளிலும் சுரங்கங்களிலும் இலட்சக்கணக்கான நூல்களைக் கண்டார்கள். அவற்றைப் பிரித்துக் கொடுக்க 1946இல் பிராங்க்பர்ட் நகருக்கு அருகே ஆஃபன்பாக் என்ற இடத்தில் ஒரு நிலையம் அமைத்தார்கள். அதன் வழியாக முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சென்றன. பணியாளர்களில் பலருக்கு எபிரேய எழுத்து தெரியாது. ஆகவே நூல்களில் குத்தப்பட்டிருந்த நூலக முத்திரைகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பணியாளரும் சில முத்திரைகளை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டு, தம் முன்னே வரும் நூல்களில் அவற்றைத் தேடினார்கள். ஒரு சின்ன மை முத்திரை ஒரு நூலை அதன் ஊருக்கு வழிகாட்டியது.

திரும்பிப் போக ஊரே இல்லையென்றால்?

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. முத்திரையில் ஊர்ப் பெயர் இருந்தது. ஆனால் அந்த ஊரில் ஒரு யூதர்கூட உயிரோடு இல்லை. நூலுக்குரிய தொழுகைக்கூடம் சாம்பலாகிவிட்டது. அப்படியானால் அந்த நூல் யாருக்கு?

அன்றைய சர்வதேச வழக்கப்படி, பறிக்கப்பட்ட பொருள் எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டு அரசிடம் போக வேண்டும். வாரிசு இல்லாத சொத்து அரசைச் சேரும் என்பதும் பொதுவான சட்டம். இதன்படி பார்த்தால், யூதர்களை அழித்த ஜெர்மனியே யூதர்களுக்கு வாரிசாகிவிடும். இது எந்த நியாயத்தில் சேர்த்தி?

ஆகவே யூத அறிஞர்கள் வேறொரு வாதத்தை முன்வைத்தார்கள். ஊர்ச் சபை அழிந்தாலும் யூத மக்கள் என்ற முழுக் குடும்பம் உயிரோடு இருக்கிறது, அந்தக் குடும்பமே வாரிசு என்றார்கள். இதற்காக 1947இல் நியூயார்க்கில் 'யூதப் பண்பாட்டு மறுசீரமைப்பு' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வரலாற்றறிஞர் சாலோ பேரன் அதன் தலைவர். சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் அதன் செயலாளராகப் பணியாற்றினார். 1949இல் அமெரிக்க அதிகாரிகள் இந்த அமைப்பை அறங்காவலராக ஏற்றுக்கொண்டார்கள். ஏறத்தாழ ஐந்து இலட்சம் நூல்கள் இஸ்ரயேலுக்கும் அமெரிக்காவுக்கும் யூதர்கள் வாழும் மற்ற நாடுகளுக்கும் பகிர்ந்து அனுப்பப்பட்டன. பழுது பார்க்க முடியாத தோரா சுருள்களை, யூத மரபுப்படி, இறந்தவரை அடக்கம் செய்வதுபோல மண்ணில் அடக்கம் செய்தார்கள்.

செக் நாட்டுச் சுருள்களின் கதையும் இதைப் போன்றதே. பொகீமியா, மொராவியா பகுதிகளின் தொழுகைக்கூடங்களுக்குரிய 1,564 சுருள்கள் 1964இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தொழுகைக்கூடத்துக்கு வந்தன. அவற்றை விற்கவில்லை. உலகெங்கும் உள்ள யூதச் சபைகளுக்கு நிரந்தரக் கடனாகக் கொடுத்தார்கள். பெற்றுக்கொண்ட சபை தன்னை உரிமையாளர் என்று சொல்லாது, காவலர் என்றே சொல்லும். அழிந்துபோன எந்த ஊரிலிருந்து அந்தச் சுருள் வந்ததோ, அந்த ஊரை நினைவுகூரும் கடமையும் அதற்கு உண்டு.

தீராத மூன்று வழக்குகள்

எல்லாம் இவ்வளவு நல்லபடியாக முடிந்துவிடவில்லை. மூன்று வழக்குகளை மட்டும் பார்ப்போம்.

முதலாவது மாஸ்கோ வழக்கு. லுபாவிச் என்ற யூதப் பக்தி இயக்கத்தின் குருக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது ஷ்னீர்சன் நூலகம். அதன் 12,000 நூல்களை 1917 புரட்சிக்குப் பின் சோவியத் அரசு எடுத்துக்கொண்டது. அவர்களுடைய ஆவணங்களைப் போலந்தில் நாத்சிகள் பறித்தார்கள். 1945இல் அவற்றைச் சோவியத் படை கைப்பற்றியது. போரில் வந்த பொருள் எங்கள் மக்கள் சிந்திய இரத்தத்துக்கு ஈடு என்பது இரஷ்யாவின் வாதம். 1998இல் அதற்கென்று சட்டமும் இயற்றியது. 2010இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 2013இல் நாளொன்றுக்கு 50,000 டாலர் அபராதமும் விதித்தது. இரஷ்யா பணியவில்லை. அதே ஆண்டு நூல்களின் ஒரு பகுதியை மாஸ்கோவிலேயே உள்ள யூத அருங்காட்சியகத்துக்கு மாற்றியது. நாஜி ஜெர்மனியால் இரஷ்ய மக்கள் பட்ட துன்பம் பெரிது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஜெர்மனி செய்த குற்றத்துக்கு, அதே ஜெர்மனியிடம் பொருளைப் பறிகொடுத்த யூதர்கள் ஈடு செலுத்த வேண்டுமா?

இரண்டாவது பாக்தாத் வழக்கு. ஈராக் நாட்டில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக யூதர்கள் வாழ்ந்தார்கள். எஸ்ரா நூல் சொல்லும் அந்தப் பாபிலோனிய நாடுகடத்தலில் போனவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். மும்பையில் நூலகமும் தொழுகைக்கூடங்களும் எழுப்பிய சசூன் குடும்பத்தாரும் கொல்கத்தா யூதர்களும் இந்தப் பாக்தாத் மரபினரே. 1950, 1951 ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஈராக்கைவிட்டு வெளியேறினார்கள். அவர்களுடைய குடியுரிமை போயிற்று, சொத்துக்கள் முடக்கப்பட்டன. 2003 மே மாதம், பாக்தாத்தில் சதாம் உசேனின் உளவுத்துறைக் கட்டடத்தின் நிலவறையில், தண்ணீரில் மூழ்கிக் கிடந்த 2,700 நூல்களையும் பல்லாயிரம் ஆவணங்களையும் அமெரிக்கப் படையினர் கண்டெடுத்தார்கள். பள்ளி மாணவர் பட்டியல்கூட அவற்றில் இருந்தது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டார்கள். திருப்பித் தருவதாக ஈராக் அரசுக்கு அப்போதே வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால், "எங்களை விரட்டிய நாட்டுக்கு எங்கள் தாத்தாவின் மந்திர நூலைக் கொடுப்பதா?" என்று சிதறி வாழும் ஈராக் யூதர்கள் கேட்டார்கள். "அவர்களும் எங்கள் மண்ணின் வரலாறு, அதை இழக்க மாட்டோம்" என்றது ஈராக். 2018இல் திருப்ப வேண்டும் என்ற கெடுவும் கடந்துபோயிற்று.

மூன்றாவது வில்னா வழக்கு. லித்துவேனியாவின் வில்னா நகரில் நாத்சிகள் யூத அறிஞர்களையே நூல்களைத் தரம்பிரிக்கும் கட்டாய வேலையில் ஈடுபடுத்தினார்கள். கவிஞர் ஆபிரகாம் சுட்ஸ்கேவர் உள்ளிட்ட அவர்கள், உயிரைப் பணயம் வைத்து, ஆடைக்குள் நூல்களை ஒளித்துக் கொண்டுவந்து மறைத்து வைத்தார்கள். போருக்குப் பின் சோவியத் ஆட்சியிலும் யூத நூல்களுக்கு ஆபத்து வந்தது. அப்போது நூல் காப்பகத் தலைவராக இருந்த அந்தானஸ் உல்பிஸ் என்ற லித்துவேனியர், மூடப்பட்ட கத்தோலிக்க ஆலயமான புனித ஜார்ஜியார் ஆலயத்தில் அவற்றைப் பல ஆண்டுகள் மறைத்துக் காத்தார். சோவியத் ஆட்சியின் இறுதியில் அவை வெளிவந்தன. நூல்களுக்குரிய யூத ஆய்வு நிறுவனமோ நியூயார்க்குக்கு இடம் மாறியிருந்தது. அவை எங்களுடையவை என்று அது கேட்டது. எங்கள் நாட்டுச் செல்வம் என்று லித்துவேனியா சொன்னது. கடைசியில் 2015 முதல் இருதரப்பும் சேர்ந்து எல்லாவற்றையும் கணினிப் படமாக்கி உலகுக்குத் திறந்துவைத்தார்கள். உரிமைக் கேள்வி முழுதும் தீரவில்லை. ஆனால் பூட்டிக் கிடந்த சொத்தை இருவரும் படிக்க முடிந்தது.

மடு அன்னையை நினைத்துக்கொள்வோம்

இவற்றைக் கேட்கும்போது யார் பக்கம் நியாயம் என்று நமக்குக் குழப்பமாக இருக்கலாம். நமக்கு நெருக்கமான ஒன்றை வைத்து யோசித்துப் பார்ப்போம்.

இலங்கையில் தமிழரும் சிங்களரும் ஒன்றாக வணங்கும் மடு அன்னையின் திருவுருவம் முதலில் மாந்தையில் இருந்தது. டச்சுக்காரர்கள் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், விசுவாசிகள் அதை மடுக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். 2008 ஏப்ரலில் போர் மடுவை நெருங்கியபோது, குருக்கள் அந்தத் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டி ஆலயத்துக்குச் சென்றார்கள். சண்டை நகர்ந்தபின் அன்னை மீண்டும் மடுவுக்கு வந்தார்.

அப்படி வராமல் போயிருந்தால்? யாரோ ஒருவர் அதை எடுத்து விற்று, அது ஏதோ ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருந்தால்? அதை வணங்கிய மக்களோ தமிழக முகாம்களிலும், டொரண்டோவிலும், பாரிசிலும் சிதறி வாழ்கிறார்கள். "நாங்கள் பணம் கொடுத்து வாங்கினோம், பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று அந்த அருங்காட்சியகம் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? மாட்டோம். "அது எங்கள் அம்மா" என்போம். யூத மக்களும் தங்கள் தோரா சுருளைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள். பத்திரமாக வைத்திருப்பது நன்றிக்குரிய பணி. ஆனால் பாதுகாப்பு வேறு, உரிமை வேறு.

நம் கைகளையும் பார்ப்போம்

பிறர் குற்றத்தைப் பேசிவிட்டு நாம் எழுந்துபோவது முறையாகாது. நம் கத்தோலிக்க வரலாற்றிலும் வருந்த வேண்டிய பக்கங்கள் உண்டு.

கொச்சி யூதர்களிடம் ஆயிரம் ஆண்டு பழமையான செப்பேடு இருக்கிறது. சேர மன்னர் பாஸ்கர இரவி, யோசேப்பு இரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த உரிமைகள் அதில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த மண்ணின் அரசர்கள் யூதர்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் 1662இல் கொச்சிக்காக நடந்த போரில், டச்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று சொல்லி, கத்தோலிக்கர்களான போர்த்துக்கீசியர் மட்டாஞ்சேரி பரதேசி தொழுகைக்கூடத்தைத் தாக்கித் தீவைத்தார்கள். தோரா சுருள்களும் நூல்களும் அழிந்தன. எரிந்துபோனதை யாராலும் திருப்பித் தர முடியாது. (பிற்காலத்தில் கொச்சி கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் உள்மர வேலைப்பாடு எருசலேமில் உள்ள இஸ்ரயேல் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அது குடிபெயர்ந்த மக்களின் நினைவாகச் சென்றது, போர்க் கொள்ளை அல்ல.)

வத்திக்கான் நூலகத்திலும் போரில் வந்த நூல்கள் உண்டு. முப்பதாண்டுப் போரில் 1622இல் ஹைடல்பெர்க் நகரைக் கைப்பற்றிய பவேரியக் கோமகன் மாக்சிமிலியன், அந்நகரின் புகழ்பெற்ற நூலகத்தைத் திருத்தந்தைக்குப் பரிசாக அனுப்பினார். அதில் எபிரேயச் சுவடிகளும் இருந்தன. 1816இல் 847 ஜெர்மன் சுவடிகள் ஹைடல்பெர்க் திரும்பின. எபிரேயச் சுவடிகள் உரோமையிலேயே உள்ளன. அவை நன்கு காக்கப்பட்டு, கணினிப் படங்களாக உலகோர் கண்முன் வைக்கப்பட்டு வருகின்றன. இருந்தாலும் அவை எப்படி வந்தன என்பதை மறைக்காமல் சொல்வது நம் கடமை.

நல்ல எடுத்துக்காட்டுகளும் உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், வத்திக்கானில் இருந்த பார்த்தெனன் கோயிலின் மூன்று சிற்பத் துண்டுகளை 2023 மார்ச்சில் கிரேக்க நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த மாதம் செய்தியாளர்கள் இதைப் பற்றிக் கேட்டபோது, இது ஏழாம் கட்டளை சம்பந்தப்பட்டது, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கருத்தில் பதில் சொன்னார். 2025 நவம்பரில் திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்கள், கனடா நாட்டுப் பூர்வகுடி மக்களின் 62 பொருட்களை அந்நாட்டு ஆயர்களிடம் ஒப்படைத்தார்.

களவு செய்யாதே என்ற கட்டளையை நாம் பாவசங்கீர்த்தனத்தில் சின்னச் சின்னத் திருட்டுகளுக்கு மட்டும் நினைவுகூர்கிறோம். ஆனால் திருச்சபை சொல்லித் தருவது, பாவமன்னிப்போடு ஈடுசெய்தலும் சேர்ந்தே வரவேண்டும் என்பது. சக்கேயு இயேசுவை வீட்டில் வரவேற்று விருந்து வைத்ததோடு நிற்கவில்லை. ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று எழுந்து நின்று சொன்னார். அப்போதுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது.

நம் பங்கில் என்ன செய்யலாம்?

இது நீதிமன்றங்களும் அரசுகளும் மட்டும் பார்க்க வேண்டிய காரியம் அல்ல. நம் பங்கு அளவிலும் செய்யக்கூடியவை உண்டு.

நம் ஆலயத்திலும் சிற்றாலயங்களிலும் உள்ள பழைய திருவுருவங்கள், திருவிருந்துக் கிண்ணங்கள், கதிர்ப்பாத்திரங்கள், ஓலைச்சுவடிகள், தேர்ச் சிற்பங்கள் ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதி வைப்போம். ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படம் எடுப்போம். யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எவ்வளவு உயரம், எங்கே கீறல் என்று குறிப்போம். தமிழகத்திலிருந்து திருடுபோன பல சிலைகள் திரும்பியதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல்லாண்டுகளுக்கு முன் எடுத்து வைத்த கறுப்பு வெள்ளைப் படங்களே சான்றாக நின்றன. நம் தென்பகுதியில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து 1982இல் திருடுபோன நடராசர் 2019இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததை நாம் அறிவோம். முப்பத்தேழு ஆண்டுகள் ஆனாலும் உரிமை சாகவில்லை.

ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பீடத்தையும் திருவுருவங்களையும் 'பழசு' என்று வந்த விலைக்குக் கொடுத்துவிடும் பழக்கத்தை விட்டுவிடுவோம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் தராது. அதைவிட முக்கியம், அவை பங்குப்பேரவைக்கோ பங்குக்குருவுக்கோ சொந்தம் அல்ல. நம் முன்னோர் இறைவனுக்குக் கொடுத்தவை. நாம் காவலர்கள் மட்டுமே.

நம் வீட்டிலும் பார்ப்போம். வேறொரு கோயிலுக்கோ, பள்ளிவாசலுக்கோ, ஊர் மாறிப்போன அண்டை வீட்டாருக்கோ உரிய பொருள் ஏதாவது நம் அலமாரியில் தங்கிவிட்டதா? உரியவர் கேட்கவில்லை என்பதால் அது நமதாகிவிடுமா?

தேவதானம் கோயில் இறைவனுக்கு நச்சாடை தவிர்த்தருளியவர் என்று பெயர். பரிசாக வந்த பட்டாடையில் நஞ்சு தோய்த்திருந்ததாகவும், இறைவன் பாண்டிய மன்னனை அதிலிருந்து காத்ததாகவும் அவ்வூரின் பழங்கதை சொல்கிறது. பிறரிடமிருந்து பறித்த பொருளும் அப்படித்தான். பார்வைக்குப் பட்டாடை போல இருக்கும். உடுத்தியவரை அது உள்ளிருந்து எரிக்கும்.

எண்ணித் திருப்பிக் கொடுத்த மித்ரதாத்தையும், நின்று வாக்குக் கொடுத்த சக்கேயுவையும் நினைத்துக்கொள்வோம். வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின், நம் ஆலயத்தின் பழைய பொருட்களுக்குப் பட்டியல் இருக்கிறதா என்று பங்குத்தந்தையிடம் கேட்டு, எழுதும் வேலைக்கு நாமே முன்வருவோம்.